சயாமாவின் வகுப்பு இரவு ஒன்பது மணிக்கு

வணக்கம். முதலில் இந்த நோட்டைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன். வட்ட வட்டமாக இருப்பவை பர்மிய எழுத்துகள். ஓலையில் எழுதிப் பழகிய கைகளின் வடிவம், நமக்குப் புதிதில்லை. இந்தச் சொல்லின் முடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிறு வட்டங்கள் தெரிகின்றனவா? அவை இல்லாமல் 'மியின்' என்றால் பார்ப்பது. அவற்றைச் சேர்த்துக் குரலை உயர்த்திச் சொன்னால் குதிரை.

போன ஞாயிற்றுக்கிழமை இணையவழிப் பர்மிய வகுப்பில் இதைத்தான் தவறாகப் படித்தேன். அப்போது பார்த்து, பாடம் நடத்துபவர் இருக்கும் மியான்மரில் மின்சாரம் போய்விட்டது. சயாமாவின் முகம் மறைந்து திரை கறுத்துவிட்டது. சயாமா என்றால் ஆசிரியை. இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "இன்னொரு முறை சொல்லுங்கள்." நான்கு முறை சொல்ல வைத்தார். ஐந்தாவது முறைக்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அந்தச் சொல்லைத் தன் குரலில் பதிவுசெய்து அனுப்பியிருந்தார்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஊரையும், எந்தத் துறையில் பாடம் நடத்தினார் என்பதையும் சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அதன்கீழ் வேலை செய்ய மாட்டோம் என்று வெளியே வந்த பல்கலைக்கழக ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அந்த மே மாதத்துக்குள் பதினொன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாக ஆசிரியர் சங்கம் சொன்னது. சம்பளத்தோடு நூலகமும் போனது, மாணவர்களும் போனார்கள்.

அந்த நாட்டில் படிப்பின்மேல் விழுந்த முதல் அடி இதுவல்ல. 1962 ஜூலை 7 அன்று ரங்கூன் (இன்றைய யாங்கோன்) பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1988 எழுச்சிக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கார்டன் லூஸ் என்ற அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பழைய பர்மியக் கல்வெட்டுகளுக்கே கொடுத்தவர். அந்த மண்ணிலேயே மணம் முடித்து வாழ்ந்த அவரும் 1964-இல் வெளியேற வேண்டியதாயிற்று.

பர்மாவைப் பற்றிய ஆய்வு அப்போதெல்லாம் வெளிநாட்டில்தான் ஒதுங்கியது. அமெரிக்காவில் வடக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1986-இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. உள்ளே இருப்பவர்கள் தகவல் தருபவர்களாகவும், வெளியே இருப்பவர்கள் எழுதுபவர்களாகவும் பிரிந்துவிட்டால் அதை ஆய்வுச் சமூகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சயாமா சென்ற ஆண்டு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட பணிச்சான்று வேண்டும் என்று கேட்டார்கள். அவரை வெளியேற்றிய அலுவலகத்தின் வாசலில் போய் நின்று, நான் இன்னார், வெளிநாடு போகப் போகிறேன், சான்றிதழ் கொடுங்கள் என்று அவர் கேட்க வேண்டுமாம்! நிலைமையை விளக்கி மூன்று கடிதம் எழுதினோம். விதி விதிதான் என்று பதில் வந்தது. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

பார்ப்பவர்களில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்கள் இருந்தால் உங்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். அந்த முத்திரைக்குப் பதிலாக, அவரோடு வேலை செய்த இரண்டு பேராசிரியர்களின் கடிதத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பாடம் நடத்தச் சொன்னால் அதற்குரிய பணத்தைக் கொடுங்கள். கட்டுரையில் அவர் பெயரைப் போடலாமா, மறைக்க வேண்டுமா என்பதை அவரே முடிவுசெய்யட்டும். இன்று மறைத்த பெயரை நாளை சேர்க்க வழி வைத்திருங்கள்.

சயாமாவிடம் படிக்கும் எங்கள் குழுவில் ஏழு பேர். ஒரு தம்பி 2024-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். பகலில் கட்டட வேலை செய்கிறான், இரவில் வகுப்புக்கு வருகிறான். சென்னையில் எட்டு மணி என்றால் யாங்கோனில் ஒன்பது, அவனுக்கு ஒன்பதரை. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது எழுந்து நின்றுகொண்டு படிப்பான்.

வரும் ஞாயிறு நான் பாடம் நடத்த வேண்டும். சயாமாவின் உத்தரவு. பர்மாவின் பழைய தலைநகரான பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் மேலே வடமொழிச் சுலோகம், கீழே தமிழ். சேர நாட்டிலிருந்து போன குலசேகர நம்பி என்பவர், அங்கே இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோயிலுக்குச் செய்த கொடையைச் சொல்கிறது. அந்தத் தமிழைத் தங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்ட வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபம் கட்டினார், கதவு போட்டார் என்பதுவரை எளிது. அடுத்து அந்த மண்டபத்தில் நின்று எரிவதற்கு ஒரு நிலைவிளக்கு கொடுத்தார் என்று வருகிறது. 'நிலைவிளக்கு' என்பதற்குச் சரியான பர்மியச் சொல் என்ன என்று நேற்று சயாமாவுக்கு எழுதிக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை. அங்கே மின்சாரம் வந்ததும் அனுப்புவார்.