பாறையை மண்ணாக்குவது எது?

நேயர்களுக்கு வணக்கம். பாறை எப்படி மண்ணாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, வெடித்துத் தூளாகிறது என்று தயங்காமல் சொல்வார்கள். இந்த வேலையில் வெயிலைவிடத் தண்ணீருக்கே பெரும்பங்கு என்பது என்னுடைய நெடுநாளைய வாதம்.

டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்து, 1936ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மெருகேற்றிய கிரானைட் துண்டு ஒன்றைச் சூடேற்றுவதும் ஆறவைப்பதுமாக, 110 டிகிரி செல்சியஸ் வேறுபாட்டில், 89,400 தடவை மாற்றிமாற்றிச் செய்தார். ஒரு தடவையை ஒரு நாளாகக் கொண்டால் இது 244 ஆண்டு வெயிலுக்கும் குளிருக்கும் ஈடாகும். அத்தனைக்குப் பிறகும் நுண்ணோக்கியில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. பின்னர், ஆறவைக்கும்போது தண்ணீர் தெளித்துப் பார்த்தார். இரண்டரை ஆண்டுக்கு ஈடான தடவைகளுக்குள்ளேயே மெருகு மங்கி, விரிசல் கண்டது. மறுபடியும் சொல்கிறேன்: உலர்ந்த நிலையில் 244 ஆண்டு, பழுதில்லை, ஈரத்தோடு இரண்டரை ஆண்டு, விரிசல். தடையின்றி விரியக்கூடிய சிறு துண்டை வைத்து, நாற்புறமும் இறுகிக் கிடக்கும் மலைப்பாறையை எடைபோடலாமா என்று பிற்காலத்தவர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், வெயில் சும்மா இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

கொங்குப் பகுதியில் கிணறு வெட்டியவர்களுக்கு மிச்சக் கதை தெரியும். மேலே செம்மண், அதன்கீழ்ச் சரளை, அதற்கும் கீழே, பார்வைக்குப் பாறையாகவே இருந்தாலும் கடப்பாரை பட்டதும் பொலபொலவென்று உதிரும் இற்றுப்போன கல், அடியில் வெடி வைத்தால்தான் அசையும் கரும்பாறை. அந்த இற்ற கல்லில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால், வெள்ளை மாவு விரலில் ஒட்டும், நறநறவென்று கூர்மையான மணிகள் உறுத்தும். மழைநீர் காற்றிலிருந்தும், வேர்கள் மூச்சுவிடும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. அந்த மாவு அதுதான். உறுத்தும் மணிகள், அமிலத்துக்கு எளிதில் மசியாத வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். நம் ஆற்றுமணலில் பெரும்பகுதி அதுவே. பாறையிலிருந்த இரும்பு துருப்பிடித்துத்தான் செம்மண்ணுக்குச் சிவப்பு வந்தது.

கரிசலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரே பாறையின்மேல், நீர் வடிந்தோடும் மேட்டில் செம்மண்ணும், நீர் தேங்கும் பள்ளத்தில் கரிசலும் அமைவதுண்டு. மேட்டில் கரைந்த சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் பள்ளத்தில் வெளியேற வழியின்றித் தங்கி, நனைந்தால் உப்பி, காய்ந்தால் பிளக்கும் வேறொரு வகைக் களியை உண்டாக்குகின்றன. சுண்ணாம்பில் ஒரு பகுதி சுக்கான் கல்லாக உறைந்துவிடுகிறது. வணக்கம்.