காணொளியை நிறுத்தி நிறுத்திப் படிப்பது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, அதாவது பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் நம் ஊரில், படிவம் நான்கு, ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த உரை. இயற்பியலையும் கணிதத்தையும் இணையத்தில் காசு செலவில்லாமல் படிப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. தாளும் பேனாவும் கைக்கு எட்டினால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கணக்கு வரும்.

முதலில் மொழியைப் பார்த்துவிடுவோம். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை 'பொருண்மை' என்று படித்தது. படிவம் ஒன்றில் அதுவே மலாயில் 'ஜிசிம்' ஆகிறது. ஆங்கில விரிவுரையைத் திறந்தால் 'மாஸ்'. சரி, தமிழிலேயே கேட்கலாம் என்று தமிழ்நாட்டுக் காணொளியைத் தேடினால் அங்கே அதற்கு 'நிறை' என்று பெயர். நம் பிள்ளை அதை எடை என்று நினைத்துக்கொள்ளும், கணக்கு அங்கேயே கோணிவிடும். பொருண்மைக்கு அலகு கிலோகிராம். எடை என்பது மலாயில் 'பெராட்', அது ஒரு விசை, அலகு நியூட்டன். இந்தக் குழப்பத்தைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு இயற்பியலையே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டு மலாய், தமிழ், ஆங்கிலம் என்று எழுதி வரலாம். லாஜு, வேகம், ஸ்பீட். ஹலாஜு, திசைவேகம், வெலாசிட்டி. பெச்சுத்தான், முடுக்கம், ஆக்சிலரேஷன். கூடவே அலகையும் எழுதிவிடுங்கள். சொல் மறந்தாலும் அலகு காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, எதைப் பார்ப்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் போடப்போவதாக 2001இல் அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்று தேடினால் கிடைக்கும். இயந்திரவியலுக்குப் பாட எண் 8.01, நுண்கணிதத்துக்கு 18.01. எண்ணுக்குப் பின்னால் எஸ்.சி. என்று இருந்தால் அது தனியே படிப்பவர்களுக்காகக் கணக்குகளும் விடைகளும் சேர்த்து அமைத்த பாடம்; அதையே எடுங்கள். ஆனால் படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் இயற்பியலில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளைகூட 8.01ஐ நேரே திறந்தால் சீக்கிரமே தடுக்கி விழும். காரணம், எஸ்.பி.எம். இயற்பியலில் நுண்கணிதம் கிடையாது. அதன் இரு பகுதிகளான வகையிடலும் தொகையிடலும் கூடுதல் கணிதத்தில், அதாவது பிள்ளைகள் எட் மேத்ஸ் என்று சொல்லும் பாடத்தில், படிவம் ஐந்தில்தான் வருகின்றன. ஆகவே முதலில் கான் அகாடமி என்ற இலவசக் கற்றல் தளத்தில் அந்த இரண்டு தலைப்பின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டு முடியுங்கள். அதன் பிறகு எம்.ஐ.டி. பக்கம் போகலாம். ஒரு தலைப்புக்கு ஓர் ஆசிரியர் போதும். நான்கு பேரை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் என்ன ஆகும் என்று இப்போது வரும் கணக்கிலேயே காட்டுகிறேன்.

1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது நம் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில். அதனால் செம்பனைக் குலையையே எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் உயரத்தில் குலையை வெட்டுகிறார்கள். தரையில் படும்போது அதன் வேகம் என்ன? காற்றின் தடையை விட்டுவிடுங்கள்.

காணொளியில் ஆசிரியர் கேள்வியை எழுதி முடித்த அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அவர் விடைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். அடுத்தவர் சமைப்பதைப் பார்த்தால் நமக்கும் சமைக்க வரும் என்று தோன்றுகிறதே, அந்த மாதிரி. நிறுத்திவிட்டுத் தாளில் எழுதுங்கள்: எந்தத் திசையை நேர்க்குறியாக வைக்கிறேன், என்ன தெரியும், என்ன வேண்டும். கீழ்நோக்கி நேர்க்குறி என்றால் முடுக்கம் 9.81, தொலைவு 10. குலை அசையாமல் இருந்து விழுவதால், இறுதி வேகத்தின் வர்க்கம் 2 பெருக்கல் முடுக்கம் பெருக்கல் தொலைவு. 2 பெருக்கல் 9.81 பெருக்கல் 10, அதாவது 196.2. வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு 14 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர். குலை 5 கிலோவா 25 கிலோவா என்ற கேள்வியே இதில் எழவில்லை, கவனித்தீர்களா?

இப்போது, ஆசிரியரை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் வரும் அந்தத் தவறு. பல்கலைக்கழக ஆசிரியர் மேல்நோக்கி நேர்க்குறி வைத்து முடுக்கத்தை மைனஸ் 9.8 என்று எழுதுகிறார். நம் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு, தொலைவை மட்டும் பள்ளியில் எழுதுவதுபோல் பிளஸ் 10 என்று வைக்கிறது. வர்க்கமூலத்துக்குள் மைனஸ் 196 வந்து நிற்கிறது. கணிப்பான் 'மேத் எரர்' என்கிறது. இரண்டு ஆசிரியருமே சரிதான். மேல்நோக்கி நேர்க்குறி என்றால் தொலைவும் மைனஸ் 10 ஆகியிருக்க வேண்டும், அவ்வளவே. ஒரே ஆசிரியரிடம் ஒட்டிக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பாடம் முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, அதே கணக்கை வெள்ளைத் தாளில் முதலிலிருந்து போடுங்கள். மறுநாள் எண்ணை மாற்றி இன்னொரு தடவை. ஒரு மணி நேர விரிவுரைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பேனா வேலை என்று வையுங்கள். இரட்டை வேகத்தில் ஓட்டி ஒரே இரவில் பத்துப் பாடம் பார்த்தேன் என்பவரிடம் அந்த முதல் பாடத்துக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

டேட்டா பற்றி இரண்டு வார்த்தை. கரும்பலகைப் பாடத்துக்கு 360பி தெளிவே போதும். தோட்டத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் வீடுகளில், வைஃபை உள்ள இடத்துக்குப் போகும்போது ஒரு வாரத்துப் பாடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. எம்.ஐ.டி. தளமும் கான் அகாடமி செயலியும் அதற்கு இடம் தருகின்றன. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் திரையில் செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளையும் இறக்கி, இணையமில்லாமல் ஓட்டலாம்.

அந்த ஃபெட்டில் ஊசல் ஒன்று இருக்கிறது. திரையில் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் செய்து பாருங்கள். உறுதியான நூல், ஓர் இரும்பு நட், கைப்பேசியில் நிறுத்தக் கடிகாரம். கதவு நிலையில் ஆணியடித்து நூலைக் கட்டுங்கள். ஆணியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர்; முடிச்சு வரை மட்டும் அளந்தால் நீளம் குறைந்துவிடும். பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் இழுத்து விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். வீச்சு பெரிதானால் எளிய சூத்திரம் பொருந்தாது. 20 ஊசலுக்கு நேரம் எடுங்கள்; நட் ஒரு பக்கம் போய், மறுபக்கமும் போய், புறப்பட்ட இடத்துக்கு அதே திசையில் திரும்பி வந்தால்தான் ஓர் ஊசல். ஒரே ஊசலுக்கு எடுத்தால் 2 வினாடியில் விரல் 0.2 வினாடி பிசகினாலே பத்து விழுக்காடு போயிற்று. 20 ஊசலில் அதே பிசகு அரை விழுக்காடுதான். கடிகாரத்தை நட் நடுவில் கடக்கும்போது அழுத்துங்கள். ஓரத்தில் அது மெதுவாகத் திரும்புவதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

40.2 வினாடி அளவில் வர வேண்டும். அதை 20ஆல் வகுத்தால் ஓர் ஊசலின் நேரம். பை எனும் எண்ணின் (3.142) வர்க்கத்தை 4ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.78 பக்கத்தில் நிற்கும். பாடநூலில் 9.81 இருக்கிறதே என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் ஊரில் புவியீர்ப்பு முடுக்கம் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு 10.8 வந்தால் நூலையும் கடிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டாம். கடிகாரத்தை அழுத்திய கணத்திலேயே 'ஒன்று' என்று எண்ணியிருப்பீர்கள். 19 ஊசலை 20 என்று நினைத்துவிட்டீர்கள். அழுத்தும்போது 'சுழியம்' என்று சொல்லி, மறுபடி எண்ணிப் பாருங்கள். வணக்கம்.