மேலுலகம் இல்லெனினும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

“மனிதனை நல்வழியில் நிறுத்துவது மறுமை பற்றிய நம்பிக்கையா, இம்மையின் உறவும் பொறுப்புமா?” என்பது இந்த மன்றத்தின் முன்னுள்ள கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், உடலோடு எல்லாம் முடிந்துபோகிறது என்று எண்ணுகிறவனுக்கு யாரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக இருக்க ஒரு காரணமும் இல்லை என்றார். அதற்குச் சான்றாக நம் கோயில் கல்வெட்டுகளின் கடைசி வரிகளைக் காட்டினார்; உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். முடிவில், நீதிமன்றத்தில் தப்பியவனுக்கு மறுமையிலும் தண்டனை இல்லையென்றால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன ஆறுதல் என்று கேட்டுவிட்டு அமர்ந்தார். கனமான கேள்வி அது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்மா உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அந்த நம்பிக்கைதான் மனிதனின் நடத்தையைத் தீர்மானிக்கிறதா என்பதே வழக்கு. ஒவ்வோர் உயிருக்கும் அழியாத ஆன்மா உண்டு என்றது சமணம். அப்படி நிலையான ஒன்று இல்லவே இல்லை என்றது பௌத்தம். இந்த ஒரு புள்ளியில் இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டன. ஆனால் கொல்லாமை என்ற அறத்துக்கு வந்தபோது இரண்டும் ஒரே இடத்தில்தான் நின்றன. மறுபிறவி இரண்டுக்கும் பொதுவாயிற்றே என்று எதிரணியினர் சொல்லக்கூடும். நல்லது, மறுபிறவியையே எடுத்துக்கொள்வோம்.

கண்தானக் குழு ஒன்றோடு இறப்பு நிகழ்ந்த வீடுகளுக்கு நானும் போய்வந்திருக்கிறேன். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். தகவல் வந்தவுடன், மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சை வையுங்கள், தலையைத் தலையணையால் சற்று உயர்த்துங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். எடுப்பதற்கு இருபது நிமிடம் போதும். முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. இவ்வளவும் சொல்லி, மகன்மார் சம்மதித்துக் கையெழுத்திடப்போகும் நேரத்தில், ஒரு வீட்டில் உள்ளறையிலிருந்து வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்து, “அடுத்த பிறவியில அவரு கண்ணில்லாமப் பொறக்கணுமாய்யா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே யாரும் பேசவில்லை. குழு வெறுங்கையோடு திரும்பியது. அந்த அம்மாவை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். தாம் நேசித்த மனிதருக்கு இனி வரப்போகும் பிறவியிலும் துன்பம் நேரக்கூடாது என்ற அன்பு அது. ஆனால் அன்று பார்வை பெற்றிருக்க வேண்டிய இருவருக்கு அந்த மறுபிறவி நம்பிக்கைதான் குறுக்கே நின்றது.

இப்போது பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்கு வாருங்கள். 1961இல் மருத்துவர் ஹட்சன் சில்வா அங்கே கண்தானச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சிறிய தீவிலிருந்து சென்ற கருவிழிகளால் பல வெளிநாடுகளில் பார்வையிழந்தவர்கள் கண் திறந்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள். மறுபிறவியை உறுதியாக நம்புகிறவர்கள். குருடனாக வந்து இரந்த முதியவருக்குத் தன் இரு கண்களையும் கொடுத்த சிவி மன்னனின் கதையைப் புத்தரின் முற்பிறவிக் கதையாகக் கேட்டு வளர்ந்த அவர்கள், கண் கொடுத்தால் அடுத்த பிறவிக்குப் புண்ணியம் சேரும் என்று கொடுத்தார்கள்.

நடுவர் அவர்களே, நம்பிக்கை ஒன்றுதான். அதே மறுபிறவி, அதே வினைப்பயன். அங்கே அது கண்ணைக் கொடுக்கச் சொல்லியது. இங்கே ஒரு வீட்டில் கொடுக்காதே என்று தடுத்தது. ஒரே நம்பிக்கையிலிருந்து நேரெதிரான இரண்டு நடத்தைகள் பிறக்குமென்றால், நடத்தையைத் தீர்மானித்தது அந்த நம்பிக்கை என்று எப்படிச் சொல்ல முடியும்? இலங்கையில் ஒரு மருத்துவர் மக்களிடம் வேண்டினார். பிக்குகள் அதை எடுத்துச் சொன்னார்கள். பக்கத்து வீட்டார் கொடுத்ததைப் பார்த்தவர்கள் தாமும் கொடுத்தார்கள். நாளடைவில் அது ஊர் வழக்கமாயிற்று. அந்த வழக்கத்துக்கு மறுபிறவி பின்னால் வந்து துணை நின்றது. நல்லது செய்யத் துணிந்தவனுக்கு நம்பிக்கை வலுவூட்டும் என்பதை எங்கள் அணி மறுக்கவில்லை. செய்யாமல் இருக்கத் துணிந்தவனுக்கும் அதே வலுவை அது ஊட்டுகிறது என்பதைத்தான் எதிரணி பார்க்க மறுக்கிறது.

கிறித்தவ உலகத்திலிருந்தும் ஒரு சான்று தருகிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியார் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிற்றுரை ஒன்று நிகழ்த்த வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே அனுப்பினார்கள். வழியிலே ஒருவன் வாசற்படி ஓரம் தலை கவிழ்ந்து, கண் மூடிச் சரிந்து கிடந்து, இருமி முனகினான். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள் அவன். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்திருந்த தலைப்பு என்ன தெரியுமா? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். உரையின் தலைப்பு குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேச ஓடியவர்களில் சிலர் கீழே கிடந்தவனைத் தாண்டிக்கொண்டே போனார்கள்.

நாற்பது பேர் சிறிய எண்ணிக்கைதான். ஒரே ஆய்வை வைத்து உலகத்தை அளக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆன்மாவையும் நித்திய வாழ்வையும் போதிப்பதையே தொழிலாகத் தேர்ந்துகொண்டவர்கள் இவர்கள். அவர்களிடத்திலேயே உதவியதையும் உதவாததையும் பிரித்தது கையிலிருந்த நேரம் என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது?

இனி, கல்வெட்டுகள். “இந்தத் தர்மத்துக்கு அகிதம் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்” என்ற பொருளில் எத்தனையோ கல்வெட்டுகள் முடிகின்றன. எதிரணித் தலைவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் உத்தரமேரூருக்குப் போகாமல் திரும்பிவிட்டார். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய விதிகளைப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனக் குழுக்கள், குடவோலையில் தேர்வு, 360 நாள் பதவி. எந்த வாரியத்தில் இருந்தாலும் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனுடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது. யார் யார் உறவினர் என்பதையும் சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று முறை முறையாக அடுக்கிவைத்தார்கள். மகாபாதகம் செய்தவனும் ஆகான் என்று அதே கல் சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபையார் அனைவரும் ஆன்மாவை நம்பியவர்கள், நரகத்துக்கு அஞ்சியவர்கள். அந்த அச்சமே போதும் என்று அவர்களே எண்ணியிருந்தால், ஏரிப் பணத்துக்குக் கணக்கு எதற்கு? மாமனையும் அத்தை மகனையும் விலக்கிவைப்பது எதற்கு? நரகத்துக்கு அஞ்சாதவனும் சபைக்கு அஞ்சுவான் என்பதை அந்த ஊர் தெரிந்துவைத்திருந்தது.

நம்பிக்கை நடத்தையைத் தொடவே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொட்டிருக்கிறது. முற்பிறவியில் செய்த வினையால்தான் இந்தச் சாதியில் பிறந்தாய் என்று தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கான மனிதர்களிடம் இந்த மண்ணில் சொல்லியிருக்கிறார்கள். பொதுக் கிணற்றில் நீர் மறுத்தவனுடைய மனச்சாட்சியை உறங்கவைத்தது அந்த ஒரு வாக்கியம். அடுத்தவன் துன்பத்தைக் கண்டு கலங்க வேண்டிய நெஞ்சு, அவன் அனுபவிக்க வேண்டியதை அனுபவிக்கிறான் என்று அமைதி கொண்டது. இதை உடைக்கப் புறப்பட்டவர்களில் பக்தர்களும் இருந்தார்கள், அவர்களை வணங்குகிறேன். நம்பாதவர்களும் இருந்தார்கள். ஆந்திரத்தில் கோரா என்று அழைக்கப்பட்ட ராமச்சந்திர ராவ், கடவுளும் மறுபிறவியும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காகக் கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்தவர். அவர் 1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரு கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கி, தீண்டாமை ஒழிப்பையே அன்றாட வேலையாகச் செய்தார். ஊரார் ஒதுக்கியவர்களோடு உட்கார்ந்து உண்டார். தம் மகளைத் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட சமூகத்து இளைஞருக்கு மணமுடிக்க முடிவு செய்தார். அந்தத் திருமணத்தை நடத்திவைக்க ஒப்புக்கொண்டவர், ராம நாமத்தை விடாத காந்தியடிகள். அவர் சுடப்பட்ட பின், 1948இல் சேவாகிராமத்தில் அது நடந்தது. மறுமையை நம்பியவரும் நம்பாதவரும் அங்கே ஒன்றாக நின்றார்கள். அவர்களை இணைத்தது, கண்ணெதிரே அவமதிக்கப்பட்டுக் கொண்டிருந்த மனிதன்.

அடுத்து, கோப்பெருஞ்சோழனின் பாட்டு. யானை வேட்டைக்குப் போனவனுக்கு யானையும் கிடைக்கலாம், ஆகவே உயர்ந்ததை நாடிச் செய்கிறவர்களுக்கு வானுலக இன்பமும் கூடும் என்ற இடத்தில் எதிரணித் தலைவர் நிறுத்திவிட்டார். பாட்டு அங்கே முடியவில்லை. வானுலகம் இல்லையென்றால் பிறவாமை கூடலாம் என்று ஒரு படி இறங்கி, அதுவும் இல்லையென்றால் என்ற கடைசிப் படிக்கும் அந்தச் சோழன் வருகிறான்: “மாறிப் பிறவா ராயினும் இமயத்துக் கோடுயர்ந் தன்ன தம்மிசை நட்டுத் தீதில் யாக்கையொடு மாய்தல் தவத்தலையே.” பழியற்ற உடம்போடு இறப்பதே மிகச் சிறந்தது என்கிறான். சாவை எதிர்நோக்கி வடக்கிருந்த நேரத்திலேகூட, மறுமை இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய ஒரு தரையை அவன் தேடியிருக்கிறான். இம்மையில் செய்வது மறுமைக்கு ஆகும் என்று கணக்கிட்டுக் கொடுப்பவனைச் சங்கப் புலவர் முடமோசியார் “அறவிலை வணிகன்” என்றார்; வள்ளல் ஆய் அப்படிப்பட்டவன் அல்லன், சான்றோர் சென்ற நெறி என்பதற்காகவே கொடுத்தான் என்று பாடினார்.

வள்ளுவரும் எழுபிறப்பைப் பேசியவர்தாம். மறுமையை மறுத்தவர் அல்லர். அப்படிப்பட்டவரே “மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று” என்று சொன்னதால்தான் அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது. யாரும் பார்க்காத இருட்டில் நேர்மையாக இருப்பவன் யார் என்று கேட்டீர்களே, சிந்தித்துப் பாருங்கள். சித்திரகுப்தன் எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நம்புகிறவனுக்கு இருட்டு என்ற ஒன்றே இல்லை. அவன் எப்போதும் ஒரு சாட்சியின் முன்னால்தான் நிற்கிறான். எந்தக் கண்ணும் தன்மேல் இல்லை என்று தெரிந்தும், கண்டெடுத்த பணத்தை உரியவரிடம் சேர்க்கிறானே ஒருவன், அவன்தான் உண்மையான இருட்டில் நேர்மையாக இருந்தவன். எதிரணி தேடுகிற மனிதன் எங்கள் பக்கத்தில் நிற்கிறான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தப்பியவனுக்கு யார் தண்டனை கொடுப்பார்? தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஒரு மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். சீருடையை எதிர்த்து யார் சாட்சி சொல்வார் என்ற காலம் அது. “செஞ்சவன் அனுபவிப்பான்” என்று அந்தப் பெண்கள் விட்டிருந்தால் அந்த ஊர்ப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் விடவில்லை. தோழர்களும் வழக்கறிஞர்களும் துணை நிற்க, நீதிமன்றத்தில் நின்று, இன்னார் இன்னது செய்தார் என்று அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 269 பேர். தீர்ப்புக்கு முன்பே 54 பேர் இறந்துவிட்டார்கள். அந்த 54 பேரின் கணக்கை எமன் பார்த்துக்கொள்வான் என்று எதிரணியினர் ஆறுதல் கொள்ளலாம். எங்களால் அந்த ஆறுதலைக் கொள்ள முடியவில்லை, நடுவர் அவர்களே. முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் ஆனதற்கு யார் பொறுப்பு என்று, உயிரோடிருக்கும் மனிதர்களிடம், பதவியில் இருப்பவர்களிடம் கேட்கவே எங்களுக்குத் தோன்றுகிறது.