விஞ்சி நிற்பது வீடும் ஊருமே!

(திருகோணமலையில் நடந்த பட்டிமன்றம் ஒன்றில் பேசியது. தலைப்பு: ‘கமக்காரக் குடும்பத்தில் பிறந்த விவசாய விஞ்ஞானியின் வாழ்வில் விஞ்சி நிற்பது ஆய்வா? வீடும் ஊருமா?’)

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம்.

எனக்கு முன்னம் பேசிய எதிரணித் தலைவர் அண்ணன், ‘பசுமைப் புரட்சியின் தந்தை’ என்று சொல்லப்படுகிற கோதுமை விஞ்ஞானி நோர்மன் போர்லோக்கைக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார். 1944இல் கோதுமை ஆராய மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டபோது மனைவி மார்கிரட் கர்ப்பிணி, மூத்த மகளுக்குப் பதினாலு மாதம். அதற்குப் பிறகு பிறந்த ஆண்பிள்ளை முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிறந்து, நிலைக்காமல் போய்விட்டது. “இவரா குடும்பத்துக்காக வாழ்ந்தவர்?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். கேட்க வேண்டிய கேள்விதான்.

பதிலும் இந்தச் சபைக்குள்ளேயே இருக்கிறது. கந்தளாய், தம்பலகாமம், சேருவில பக்கம் வயல் செய்கிறவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? கதிரில் பால் பிடித்தால் யானைக் காவல் தொடங்கிவிடும். பின்னேரம் சோற்றுப் பார்சலும் டோர்ச்சும் யானை வெடியும் எடுத்துக்கொண்டு பரணுக்குப் போகிற மனுசன் விடிந்துதான் வீடு வருவார். அறுவடை மட்டும் அதே கதைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்துப் பரண்காரனிடம் வயலைப் பாரம் கொடுத்துவிட்டு ஓடி வருவார். காய்ச்சல் இறங்கினால் திரும்ப ஓடுவார். இவருக்கு வயல்தான் பெரிது, பெண்டாட்டி பிள்ளை பெரிதில்லை என்று எவராவது சொல்வார்களா? சரி, கோபத்தில் ஒருநாள் சொல்லுவார்கள். அது அவர்கள் வீட்டுச் சண்டை, நாங்கள் தலையிட வேண்டாம்.

போர்லோக்கும் அப்படியொரு வீட்டுப் பிள்ளைதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 106 ஏக்கர் காணி. சோளம், ஓட்ஸ், மாடு, பன்றி, கோழி. ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரைக்கும் அங்கேதான் வேலை. படித்தது ஒரே அறையுள்ள பள்ளிக்கூடம். ‘பிறகு வயிறு நிரம்ப வேண்டுமென்றால் இப்பவே தலையை நிரப்பு’ என்று பேரனைப் படிக்கத் துரத்தியவர் பாட்டனார் நெல்ஸ். அந்தப் பேரன் மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் பெயில்! ஆய்வுலகம் அவரை முதலில் வரவேற்ற இலட்சணம் அது.

படிக்கிற காலத்தில், 1935இல், காசு போதாமல் அரசாங்க வேலைத்திட்டம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே வந்த இளைஞர்கள் பலர் பட்டினியால் வாடியவர்கள். வயிறாறச் சாப்பாடு கிடைத்ததும் அவர்கள் ஆளே மாறிப் போனதைப் பார்த்தார். அது தன் மனதில் தழும்பாக நின்றது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கோதுமைத் துரு நோயைப் பற்றிய விரிவுரையை அவர் கேட்டது அதற்குப் பிறகுதான். பட்டினி முந்தி, பட்டம் பிந்தி. நடுவர் ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மெக்சிக்கோவில் என்ன செய்தார்? மலைநாட்டில் தொலூக்கா பக்கம் ஒரு போகம், வடக்கே சொனோரா சமவெளியில் இன்னொரு போகம் என்று ஒரே வருடத்தில் இரண்டு தரம் விதைத்தார். அறுத்த விதைக்கு ஓய்வு கொடுக்காமல் விதைத்தால் சரிவராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. மேலதிகாரி மறித்தார். இவர் வேலையை விட்டே போகிறேன் என்றார். ஏன் அந்த அவதி? வருடத்துக்கு ஒரு போகம் என்று ஆறுதலாகச் செய்தால் ஒரு இனம் வெளிவரப் பத்து வருடம் போகும். ஆராய்ச்சிக்கு அது பெரிய காலமில்லை. கமக்காரன் காத்திருப்பானா? இங்கே ஒரு பெரும்போகம் பிழைத்தாலே தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அந்த அவதி தெரிந்தவன் வரம்பில் வளர்ந்தவன். 1963இல் மெக்சிக்கோவின் கோதுமை விளைச்சல் 1944இல் இருந்ததைப் போல ஆறு மடங்கு.

1970இல் நோபல் பரிசுச் செய்தி வந்தபோதும் வயலை விட்டு வரவில்லையாம், அதையும் அண்ணன் குற்றமாகச் சொன்னார். செய்தியைக் கொண்டுபோனது யார் அண்ணன்? மார்கிரட். கார் எடுத்துக்கொண்டு தொலூக்கா வயலுக்கே போய்ச் சொன்னா. 1937இல் கல்யாணம், 2007இல் அவ கண்மூடும் வரைக்கும் சேர்ந்திருந்தார்கள். இடையில் மெக்சிக்கோ நகரத்தில் மகன் வயதுப் பொடியன்களைச் சேர்த்து பேஸ்போல் அணி பழக்கினார். ஆய்வுப் பைத்தியம் செய்கிற வேலையா அது?

பசுமைப் புரட்சி உரத்தையும் மருந்தையும் கொண்டுவந்ததே என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். கேட்க வேண்டியதுதான், இன்றைய வழக்கு அதில்லை. ஆனால் 2021ஐ மறந்துவிடாதீர்கள். கமக்காரனைக் கேட்காமல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. ஊரைக் கேட்காத அறிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் வயலில் நின்று பார்த்தவர்கள்.

இன்னொருவர், பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்துக் கமக்காரர் மகன் குர்தேவ் குஷ். 1967இல் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். ஒரு வைரசு நோய் நெல்லைக் குட்டையாக்கி அழித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான நெல்லினங்களைச் சோதித்ததில், உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றுதான் தாக்குப் பிடித்தது. வயலில் களை என்று பிடுங்கி எறிகிற சாதி அது! அதன் குணத்தைச் சேர்த்து உருவான ஐ.ஆர். 36 என்ற நெல்லினம், பயிரின் சாறு குடிக்கிற கபில நிறத் தத்திப் பூச்சியையும் தாங்கியது. நீங்கள் விதைக்கிற நெல்லினங்களில் பி.ஜி. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது, ஏ.ரி. அம்பலாந்தோட்டை நிலையத்தில் பிறந்தது. ஆனால் எந்த நெல்லும் பக்கத்து வயலில் விளைந்து காட்டினால்தான் எங்கள் விதைப் பெட்டிக்குள் வரும். வரம்பில் நிற்கிற அந்த நீதிபதிக்குப் பயந்து வேலை செய்தவர்கள் இவர்கள்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்துகிறேன். 1996இல் உலக உணவுப் பரிசு வாங்கிய அதே குஷ், லூதியானாவில் சொந்தக் காசு போட்டு அறக்கட்டளை வைத்து, விவசாயம் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறார். ஆய்வுதான் அவருக்கு எல்லாம் என்றால், அந்தக் காசு ஏன் ஆய்வுகூடத்துக்குப் போகாமல் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போனது? அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.