கரிகாலன் கொலையும் கைமாறிய குழந்தையும்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தார்கள். அதைப் போற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். குறை சொல்லவும் ஆள் உண்டு. நான் பேச விரும்புவது, அதைப் படித்து முடித்த இருவர் சந்தித்துக்கொண்டால் மூண்டுவிடுகிற வாக்குவாதத்தைப் பற்றி. தொடர் முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் கதையின் முடிவையும் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்னும் நேயர்கள் சற்று நேரம் வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாகத் தொகுக்கப்பட்ட கதை இது. காலம் பத்தாம் நூற்றாண்டு. சுந்தர சோழச் சக்கரவர்த்தி நோயுற்றுத் தஞ்சையில் படுத்திருக்கிறார். மூத்த மகன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில் இருக்கிறான். மகள் குந்தவை பழையாறையில். இளைய மகன் அருள்மொழிவர்மன், அதாவது பின்னாளைய ராஜராஜன், ஈழத்துப் போர்க்களத்தில். இவர்களுக்கு உரிய அரியணையைச் சக்கரவர்த்தியின் பெரியப்பா மகனாகிய மதுராந்தகனுக்கு வாங்கித் தரச் சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிப் பேசுகிறார்கள். தங்கள் மன்னன் வீரபாண்டியனின் தலையைக் கொய்த கரிகாலனைப் பழிதீர்க்கப் பாண்டிய மெய்க்காவலர்களாகிய ஆபத்துதவிகள் வேறொரு பக்கம் அலைகிறார்கள். கடைசியில், கடம்பூர் மாளிகையில் கரிகாலன் இறந்து கிடக்கிறான்.

இது அரசியல். இதற்கு உள்ளே ஒரு வீட்டு விவகாரம் இருக்கிறது. சுந்தர சோழர் இளமையில் ஈழத்துக் கடலில் ஒரு தீவில் ஒதுங்கியிருந்தபோது விரும்பிய ஊமைப் பெண் மந்தாகினி. அவள் பெற்ற இரட்டைக் குழந்தைகள். அவற்றுள் ஆண் குழந்தை, சக்கரவர்த்தியின் பெரியம்மாவான செம்பியன் மாதேவிக்குப் பிறந்து, உடனே இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தையின் இடத்தில் அவரிடம் வந்து சேர்ந்து, மதுராந்தகனாக வளர்ந்தது. உண்மையில் இறக்காத அந்தக் குழந்தை தஞ்சையில் நந்தவனம் வைத்திருந்த, மந்தாகினியின் உடன்பிறந்தவளான மற்றோர் ஊமைப் பெண்ணிடம் சேந்தன் அமுதன் என்ற பெயரில் வளர்ந்தது. பெண் குழந்தைதான் நந்தினி, பின்னாளில் முதியவரான பெரிய பழுவேட்டரையர் என்ற சிற்றரசரை மணந்துகொண்டு ஆபத்துதவிகளோடு சேர்ந்தவள். ஆக, அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் சோழ குலத்தவனே அல்லன். பூக்கூடை சுமந்த சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன். இறுதியில் அவன்தான் உத்தம சோழன் என்ற பெயரோடு முடி சூடுகிறான்.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன். வாசகர்களில் ஒரு சாரார், இத்தனை ஆயிரம் பக்கம் நடத்திச் சென்றுவிட்டு, கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டது பெரும் ஏமாற்றம் என்கிறார்கள். மற்றொரு சாரார், கொலையைச் சொல்லாவிட்டால் போகிறது, குழந்தை மாற்றம் என்னும் நாடகக் கம்பெனி உத்தியை இவ்வளவு பெரிய நாவலின் அச்சாணியாக வைத்திருக்க வேண்டாம் என்கிறார்கள். ஒருவருக்குக் கல்கி சொன்னது குறைவு. மற்றவருக்கு அவர் சொன்னது அதிகம். இரண்டும் தனித்தனிக் குறைகள் போலத் தோன்றும். அவை கல்கி எடுத்த ஒரே தீர்மானத்திலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம்.

உடையார்குடி என்ற ஊர், இன்றைய காட்டுமன்னார்கோயிலை ஒட்டியது. அங்கே அனந்தீசுவரர் கோயிலின் கருவறைப் புறச்சுவரில் இராசகேசரிவர்மன் என்ற பட்டம் பூண்ட ஒரு சோழ மன்னனது இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜனே அந்த இராசகேசரி என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் சோமன் பெயர் வருகிறது. ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோர் பெயர்களும் வருகின்றன. பட்டங்களைக் கவனியுங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிப்பது. இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பட்டம். நாவலில் மந்திரவாதியாகக் காட்டுக்குள் ஆந்தை போல் கூவித் திரிகிற ரவிதாசன், கல்லில் உயர் அதிகாரிக்குரிய பட்டத்தோடு நிற்கிறான்.

அந்தக் கல்வெட்டில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைப்பது வேறொன்று. துரோகிகளின் உடைமைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஆணை அவர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவியர், தாய், சிற்றப்பன் பெரியப்பன் முறையினர், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்துகொண்டவர்கள் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கிறது. சோழர் வீட்டின் ரகசியம் எதுவும் அந்தச் சுவரில் இல்லை. கொலைகாரர் வீட்டின் உறவு முழுவதும் இருக்கிறது.

ஆகவே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கொலை கல்லில் உள்ளது, கைமாறிய குழந்தை கல்கியின் படைப்பு.

இந்தக் கல்வெட்டை வைத்துக்கொண்டு அறிஞர்களே இரண்டு கட்சி ஆனார்கள். கொலை நடந்தபின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டான். துரோகிகள் மீதான நடவடிக்கை அவன் ஆட்சி முடிந்த பிறகு ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில்தான் தென்படுகிறது. ஆகையால் உத்தம சோழனுக்கு அந்தக் கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு கூறுவது பறிமுதலான நிலத்தின் விற்பனையையே அன்றி, குற்றவாளிகள் எப்போது பிடிபட்டார்கள், எப்போது தண்டிக்கப்பட்டார்கள் என்பதை அன்று என்பது மறுப்பவர்களின் வலுவான வாதம். கல்கி தொடரைத் தொடங்கியபோது இருவர் நூல்களும் அச்சில் இருந்தன. அவர் என்ன செய்வார்?

என் நண்பர்கள் இந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் நான் நிறுத்த மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் எப்படியும் என் முகத்தைப் பார்க்க முடியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். உத்தம சோழனைப் பற்றிய சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருள்மொழிவர்மன் அரசை ஏற்கவில்லை என்றும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் ஆசை இருந்தவரை தான் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் கூறுகிறது. அப்படியானால் உத்தம சோழன் அரியணைக்கு ஆசைப்பட்டவன். மறுபக்கம், அவன் தாய் செம்பியன் மாதேவி மூன்று ஆட்சிகளில் கோயில்களைக் கற்றளியாக எடுப்பித்து, ராஜராஜன் காலத்திலும் மதிப்போடு வாழ்ந்தவர். உத்தம சோழனின் மகனைக் கோயில் நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் வைத்திருந்தவனும் ராஜராஜனே. தன் அண்ணனைக் கொல்லச் செய்தவனின் மகனை ஒருவன் அப்படி வைத்துக்கொள்வானா? ஆசைப்பட்டவன், ஆனால் பழியற்றவன்: இந்த இரண்டும் ஒரே ஆளிடம் பொருந்த வேண்டும்.

கல்கி அந்த ஒரு மனிதனை இரண்டு மனிதர்களாகப் பிரித்துவிட்டார். ஆசை முழுவதும் ஒரு மதுராந்தகனுக்கு. பழியின்மை முழுவதும் இன்னொருவனுக்கு, சேந்தன் அமுதனுக்கு. அதைச் செய்யக் குழந்தை மாற்றம் தேவைப்பட்டது. அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். கல்வெட்டுகள் செம்பியன் மாதேவியை, உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார் என்று போற்றுகின்றன. நாவலில் முடிசூடுகிற உத்தம சோழன் அவர் வயிற்றுப் பிள்ளையே. இவ்வளவு பெரிய புனைவுக்குப் பிறகும் கல்லில் உள்ள ஒரு சொல் கூடப் பொய்யாகவில்லை. குழந்தை மாற்றத்தைக் கேலி செய்யும் வாசகர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பேன். அதற்காக அந்தப் பகுதி முழுவதும் எனக்கு உவப்பானது என்று பொருள் கொள்ளாதீர்கள். தமக்கை, தங்கை இருவருமே ஊமைகள், மகளோ தாயின் அச்சு, ஒவ்வொரு ரகசியம் பேசப்படும்போதும் கரிகாலனின் தூதனான வந்தியத்தேவன் அருகில் எங்கேனும் ஒளிந்திருப்பான் என்றால், பொறுமையான வாசகரும் ஓரிடத்தில் புன்னகைக்கத்தான் செய்வார்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த ஒரு பிரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் பாகம், முதுகில் துணி ஒட்டி, அட்டை மாற்றிக் கட்டியது. கடம்பூர் மாளிகையில் கொலை நடக்கும் அத்தியாயத்தின் ஓரத்தில் வாசகர்கள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். மேலே பென்சிலில் ‘நந்தினி’. அதன் கீழ் வேறு கையெழுத்தில் ‘இல்லை, ரவிதாசன்’. அதற்கும் கீழே, ‘பெரிய பழுவேட்டரையர்தான் ஒப்புக்கொள்கிறாரே, பின்னால் படிக்கவும்’. அதற்குப் பதிலாக, ‘மணிமேகலையும்தான் ஒப்புக்கொள்கிறாள், அதற்கென்ன?’ என்று குறுக்கே ஒரு வரி. மணிமேகலை கடம்பூர் மாளிகையின் பெண். எல்லாவற்றுக்கும் அடியில் நீல மையில் ஒரே சொல்: ‘கரிகாலனே’. நூலகர் கண்டிப்பானவர். புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் ரப்பரால் அழிப்பார். அடுத்த முறை தீர்ப்புகள் மறுபடி முளைத்திருக்கும். அழித்து அழித்து அந்தத் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரியத் தொடங்கிவிட்டது. நீல மை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நீல மை வாசகரின் கட்சியே என் கட்சியும். கடம்பூருக்கு வருகிற கரிகாலன் தன் சாவைத் தேடியே வருகிறான். வீரபாண்டியன் தலையை வெட்டிய நாளிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை. கத்தி யார் கையில் இருந்தது என்பதை ஆசிரியர் இருட்டில் விட்டுவிட்டு, சாவு எங்கிருந்து புறப்பட்டது என்பதை வெளிச்சத்தில் வைத்திருக்கிறார். ஆனாலும் பழுவேட்டரையர் கட்சிக்காரர்கள் இதை ஏற்பதில்லை. நந்தினி கட்சியினர் காது கொடுத்துக் கேட்பதுகூட இல்லை.

நந்தினியைப் பற்றிய பிளவு இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. அவளை நச்சுப் பாம்பு என்பவர்களும், சோழ அரண்மனை துரத்தியடித்த பெண் என்பவர்களும் ஒரே பக்கங்களைத்தான் படித்திருக்கிறார்கள். அவள் தந்தை யார் என்பதைக் கல்கி எத்தனை முறை திருப்புகிறார்! ஒரு கட்டத்தில் அவள் சுந்தர சோழரின் மகள், கரிகாலனுக்குத் தங்கை முறை என்று குந்தவையே நம்புகிறாள். பிறகு கதை வீரபாண்டியன் பக்கம் சாய்கிறது. அவள் காதலன் என்று நாம் எண்ணியிருந்தவன் தந்தையின் இடத்துக்கு நகர்கிறான். இதை அருவருப்பு என்று புத்தகத்தை மூடி வைத்தவர்களை நான் அறிவேன். பிறப்பு தெரியாத ஒருத்தியின் தலைக்குள் உலகம் இப்படித்தான் புரளும் என்று எதிர்வாதம் செய்த ஓர் ஆசிரியையையும் அறிவேன். அவர் சொன்னதை முழுவதும் என்னால் மறுக்க முடியவில்லை.

வாரந்தோறும் படித்தவர்களுக்கும் மொத்தமாகப் படிப்பவர்களுக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். முதல் வாசகர்களுக்கு ஒரு ரகசியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் இருந்தது. மணியத்தின் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வீட்டாரோடு பேசி, தாமே ஒரு முடிவு கட்டிக்கொள்ள அவகாசம் இருந்தது. இன்று விடுமுறையில் ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் முடிப்பவருக்குத் தற்செயல்கள் நெருக்கமாகத் தெரிகின்றன. தொடர் முடிந்ததும் எழுந்த கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று விளக்கினார். அதே 1954 டிசம்பரில் அவர் மறைந்தார். அந்த முடிவுரையும் வாக்குவாதத்தை ஓயச் செய்யவில்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. குந்தவையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். அதற்கு இன்று இடமில்லை. 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். படம் குழந்தை மாற்றத்தை விட்டுவிட்டு, மதுராந்தகன் ஒருவனையே உத்தம சோழனாக முடிசூட்டியது. அதனால் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வரும் இளைஞர்கள், சேந்தன் அமுதன் அரசனாகிற இடத்தில் திகைத்துப்போய், எது வரலாறு என்று கேட்கிறார்கள். மதுராந்தகன் ஒருவனே என்பதில் படம் வரலாற்றுக்கு நெருக்கம். அவன் ஆசையையும் அவன் பழியின்மையையும் சேர்த்து விளக்கும் பொறுப்பு அப்போது படத்தின் தலையில் விழுகிறது, அதை அது விரைவாகக் கடந்துவிட்டது என்பது என் கருத்து. எதிர்க்கருத்து உடையவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதலாம். நூலக நூலின் ஓரத்தில் மட்டும் எழுத வேண்டாம். நன்றி, வணக்கம்.