அடுப்படி மேடையில் ஒரு பழங்கடல்

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நம் நகரியில் பழைய வீடுகளுக்குள் போனால் அடுப்படி மேடையும் அலமாரித் தட்டும் பெரும்பாலும் கடப்பா கல்தான். அதன் விளிம்பைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு துண்டு கொண்டு வந்திருக்கிறேன். மேல்பக்கம் வழவழப்பு. ஓரத்தில் நோட்டுப்புத்தகத்தை மூடி வைத்த மாதிரி கோடு கோடாக இருக்கிறது. அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடலின் தரை.

1872இல் கடப்பா, கர்நூல் பகுதியின் பாறைகளை விரிவாக எழுதிவைத்தவர் நிலவியலாளர் வில்லியம் கிங். பிறை வடிவில் சுமார் 44,500 சதுர கிலோமீட்டர் பரந்த கடப்பா படுகை இது, அதாவது பழங்காலத்தில் மணலும் சேறும் படிந்து நிரம்பிய பள்ளம். நம் நகரி மலையும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது மணல் இறுகிய பாறை. மேடைக் கல்லோ சுண்ணாம்புக்கல். கடப்பா சீமையில் உள்ள நார்ஜி என்ற ஊரின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

அலையடங்கிய கடலில் மெல்லிய சுண்ணாம்புச் சேறு படிந்தது. இடையிடையே களிமண் ஒரு படலமாக வந்து உட்கார்ந்தது. மேலே பாரம் ஏற ஏறச் சேறு கல்லானது. களிமண் படலம் மட்டும் வலுவில்லாமலே நின்றது. பேதஞ்செர்லா பக்கத்துக் குவாரிகளில் அந்த இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் கல் பலகையாக எழும்பி வருகிறது. தெலுங்கில் நாபராயி என்பார்கள். சேற்றில் மக்காமல் தங்கிய கரிமப் பொருள்தான் கருமை தந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பியும் நத்தையும் குவிந்து கிடக்கும். இதில் தேடினாலும் கிடைக்காது. ஓடுள்ள உயிர்கள் வருவதற்கு முந்திய கடல் இது.

அப்புறம், தாய்மார்களுக்கு ஒன்று. எலுமிச்சம்பழம் நறுக்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். கறை என்று நினைத்துத் தேய்க்கிறோம். புளிப்பு பட்டுக் கல்லே கரைந்த இடம் அது. கிரானைட் இப்படிக் கரையாது. கறுப்பாக இருக்கிறதே என்று கிரானைட் விலைக்கு இதை வாங்கிவிடாதீர்கள். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள், தெரிந்துவிடும். காற்றின் கரியமில வாயுவைச் சுமந்த மழைநீரும் லேசான புளிப்புதான். அதே வகைச் சுண்ணாம்புக்கல்லை அது காலங்காலமாகக் கரைத்ததில் உண்டானதுதான் பேலம் குகை. அளந்த நீளம் 3,229 மீட்டர்.

சரி, இந்தத் துண்டை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். கைமாற்றிக் கொடுங்கள். ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்.