மூச்சுவிடும் உருளைக்கிழங்கும் கமலா சோஹோனியும்

(திரையில்: மேசைமேல் ஓர் உருளைக்கிழங்கு)

வணக்கம். இந்தக் கிழங்கில் இலை இல்லை, வேர் இல்லை. இதை மண்ணிலிருந்து தோண்டியெடுத்துச் சில வாரங்களும் ஆகிவிட்டன. ஆனாலும் இந்தக் கணத்தில்கூட இது ஆக்சிஜனை உள்வாங்கிக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. இந்த மூச்சை ஆராய்ந்துதான் ஓர் இந்தியப் பெண் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வேடு வெறும் 40 பக்கம்.

இந்தூரில் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1933இல் பட்டம் பெற்ற கமலா பாகவத்துக்கு (பின்னாளில் கமலா சோஹோனி), பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இடம் தர அதன் இயக்குநர் சர் சி. வி. ராமன் மறுத்தார். பெண் என்பதே காரணம். கமலா அவருடைய அலுவலகத்தின் முன் சத்தியாகிரகம் இருந்து, ஓராண்டுச் சோதனை என்ற நிபந்தனையோடு உள்ளே நுழைந்தார். ராமன் மாபெரும் அறிவியலர் என்பதால் அந்த அநீதி சிறியதாகிவிடாது. ஆனால் கமலாவைப் பற்றிப் பேசுகிற பலர் இந்த நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதே என் வருத்தம். அவர் திறக்கவைத்த கதவைப் பற்றிப் பேசுகிறோம். அதன் வழியே போய் அவர் என்ன கண்டார் என்று கேட்பதில்லை. ஆகவே, தயவுசெய்து அடுத்த பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள்.

(திரையில்: உருளைக்கிழங்கின் குறுக்குவெட்டு)

வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளில் சாந்துச் சட்டி கைமாறிக் கைமாறி மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உயிரணுவுக்குள்ளும் அப்படி ஒரு வரிசை உண்டு. உணவிலிருந்து பிரிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன; வழியில் வெளிப்படும் ஆற்றலில்தான் உயிரணு வாழ்கிறது. இந்த வரிசையில் பெரும்பாலானவை சவ்வில் பதிந்து நின்ற இடத்திலேயே நிற்க, சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் மட்டும் ஒன்றிடம் வாங்கி மற்றொன்றிடம் கொடுப்பதற்காக நடமாடிக்கொண்டே இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. எலக்ட்ரானைப் பெறும்போது ஒரு நிலை, கொடுத்தபின் மற்றொரு நிலை. நம் குருதிக்குச் சிவப்பைத் தருவதும் இரும்பைத் தாங்கிய இதே வகைக் கட்டமைப்புதான்.

டேவிட் கெய்லின் 1925இல் கேம்பிரிட்ஜில் பூச்சிகளின் பறக்கும் தசைகளிலும் ஈஸ்ட்டிலும் நிறமுள்ள இந்தப் புரதங்களின் கரும்பட்டைகளை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியே கண்டு, அவற்றுக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டிருந்தார். சிறகடித்துப் பறக்கும் பூச்சிக்கு இத்தகைய ஏற்பாடு தேவை என்பது எளிதில் புரிகிறது. அசையாமல் கிடக்கும் கிழங்குக்கு? கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலர் ஹாப்கின்ஸின் ஆய்வுக்கூடத்தில் டெரிக் ரிக்டரிடமும், பின்னர் ராபின் ஹில்லிடமும் பணியாற்றிய கமலா, உருளைக்கிழங்கில் தொடங்கி, தாவரத் திசுக்களின் ஒவ்வோர் உயிரணுவிலும் சைட்டோகுரோம் சி இருக்கிறது என்று காட்டினார். கிழங்கும் பூச்சியும் நாமும் ஒரே வழியில் மூச்சுவிடுகிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. பிற்கால ஆய்வுகளில் இன்னொன்றும் தெரியவந்தது: மனிதனின் சைட்டோகுரோம் சியில் உள்ள 104 அமினோ அமிலங்களும் சிம்பன்சியிடம் அதே வரிசையில் இருக்கின்றன, தாவரத்தில் வரிசை பல இடங்களில் மாறினாலும் வேலை மாறவில்லை.

அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று கமலாவைச் சொல்வதுண்டு. தாவரவியலர் ஜானகி அம்மாள் 1931லேயே மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார் என்பதால், அந்த அடைமொழியை நான் பயன்படுத்தவில்லை. அது இல்லாமலே கமலாவின் பணி நிற்கும்.

நாடு திரும்பியவர் டெல்லியிலும், நம் குன்னூரின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றி, 1947இல் எம். வி. சோஹோனியை மணந்து பம்பாய்க்குச் சென்றார். அங்கே அறிவியல் கழகத்தில் அவர் எடுத்துக்கொண்டவை ஏழைகளின் உணவுகள். பனை, ஈச்ச மரங்களிலிருந்து இறக்கிய, புளிக்காத ‘நீரா’ என்ற சாற்றின் சத்துகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவரின் விருதைப் பெற்றார். பயறு வகைகளில், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள்களை மாணவர்களோடு தேடினார். மொச்சையை நாம் பச்சையாகத் தின்னாமல் நன்றாக வேகவைக்கிறோம் அல்லவா? அந்தத் தடுப்பான்களின் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்வது அந்தக் கொதிப்புதான்.